மூணு நிமிசமா மணி அடிக்குது, கோச்சியைக் காணோம்: கடவை, கைகாட்டி, எண்ணெய்க் கோச்சி பற்றிய இழை

தேயிலைக்காடு | 09.06.2024, இரவு 8.14

இலங்கை மலையகத்துல கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் நடுவில, தோட்டத்து ரோடு கோச்சி (ரயில்) பாதையைத் தாண்டுற இடத்துல ஒரு கடவை இருக்கு. மணியும் சிவப்பு லைட்டும் மட்டும்தான், தடுப்புக் கம்பம் கிடையாது. ரெண்டு கிழமையா மணி சும்மா சும்மா அடிக்குது. மூணு நிமிசம் அடிச்சாலும் கோச்சி வரல. ஆட்கள் நின்னு பார்த்துட்டுத் தாண்டிப் போயிடுறாங்க, ஆட்டோவும் போகுது. மணி பழுதுன்னு எழுதிக் குடுக்கலாம்னு இருக்கேன். என்னென்ன விவரம் குறிக்கணும்? கூட்ஸ் கோச்சி எத்தனை மணிக்கு வரும்னு எங்கயாவது அட்டவணை கிடைக்குமா?

கைகாட்டி | 09.06.2024, இரவு 9.40

எழுதிக் கொடுக்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள் தம்பி. கோச்சி வரவே இல்லையா, இல்லை ஆட்கள் தாண்டிப் போன பிறகு வந்ததா? இரண்டும் வேறு வேறு விஷயம்.

மணி எப்போது அடிக்கத் தொடங்கும் என்பதைத் தீர்மானிப்பது தூரம். கடவைக்கு இத்தனை மீட்டர் முன்னால் சக்கரம் வந்தால் அடி என்றுதான் பெரும்பாலும் அமைத்திருப்பார்கள். அந்தத் தூரம் 600 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 கி.மீ. வேகத்தில் வரும் பயணிகள் கோச்சி அதை 54 விநாடியில் கடக்கும். அதே தூரத்துக்கு 15 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து வரும் எண்ணெய்க் கோச்சிக்கு 144 விநாடி வேண்டும். மணி இரண்டுக்கும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. காத்திருக்கும் நேரம்தான் இரண்டரை மடங்குக்கும் மேல்.

ஆக, நீளமாக அடிக்கும் மணி பழுதின் அடையாளம் என்று சொல்ல முடியாது. மெதுவாக ஏதோ வருகிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். மெதுவாக வருவது பாரம் கூடியது, சட்டென்று நிற்க முடியாதது. ஆட்கள் பொறுமை இழந்து தாண்டுவது அதற்கு முன்னால்தான்.

சரக்குக் கோச்சிக்குப் பொது அட்டவணை இல்லை. தேவைக்கு ஏற்றபடி ஓடும், பயணிகள் கோச்சிகளுக்கு இடையில் நுழைந்து போகும். அதனால் நேரத்தை ஊகிக்கலாமே தவிர வாங்க முடியாது. ஊகிக்கிற வழியைப் பிறகு எழுதுகிறேன்.

கைகாட்டி | 10.06.2024, காலை 6.05

நேற்றைய கணக்கில் ஒன்று விட்டுப்போயிற்று. எஞ்சின் கடவைக்கு வந்ததும் மணி நிற்காது, கடைசி வண்டி தாண்ட வேண்டும். கோச்சியின் நீளம் 150 மீட்டர் என்றால் 15 கி.மீ. வேகத்தில் அதற்கு இன்னும் 36 விநாடி. 144-உம் 36-உம் சேர்ந்தால் 180. நீங்கள் சொன்ன மூன்று நிமிடம் அப்படியே வந்துவிட்டது. பயணிகள் கோச்சிக்கு 54-உடன் 13, 14 விநாடி சேர்த்தால் போதும்.

ஊவாப்பக்கம் | 10.06.2024, பகல் 12.31

அண்ணே, கோச்சி அங்க இருக்குன்னு மணிக்கு எப்படித் தெரியுது? இங்க ஹப்புத்தளைப் பக்கம் ஒருத்தர், தண்டவாளம் அதிர்றதை வச்சுத்தான்னு சாதிக்கிறார்.

கைகாட்டி | 10.06.2024, இரவு 8.50

அதிர்வை வைத்து இல்லை. இரண்டு முறைகள் உண்டு.

முதலாவது தண்டவாளத்திலேயே மின்சாரம் ஓடவிடுவது. ஒரு துண்டுத் தண்டவாளத்தை முன்னும் பின்னும் மின்காப்பு மூட்டுப் போட்டுப் பிரிப்பார்கள். ஒரு முனையில் சின்ன மின்அழுத்தம் கொடுத்தால் மறுமுனையில் உள்ள ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், தூக்கிக்கொண்டு நிற்கும். கோச்சியின் சக்கரமும் அச்சும் இரும்பு. துண்டுக்குள் நுழைந்ததும் இரண்டு தண்டவாளத்தையும் இணைத்துக் குறுக்குச் சுற்றாக்கிவிடும். ரிலேக்கு மின்சாரம் போகாது, அது விழும், மணி அடிக்கும். இதில் அழகே, எது தவறினாலும் ரிலே விழும் என்பதுதான். வயர் அறுந்தாலும் தண்டவாளம் உடைந்தாலும் மின்கலம் இறங்கினாலும் மணி அடிக்கும். பழுது வந்தால் அடிக்கும் பக்கமாகவே சாயும்படி கட்டியிருக்கிறார்கள்.

மழையில் வீண் மணி வருவதற்குக் காரணமும் இதுதான். சல்லிக்கல்லுக்கு இடையில் சேறு நிறைந்து தண்ணீர் தேங்கினால் ஒரு தண்டவாளத்திலிருந்து மற்றதற்கு மின்சாரம் கசியும். கசிவு கூடினால், கோச்சி வந்துவிட்டது என்று எண்ணி ரிலே விழும். வட்டவளைப் பக்கத்து மழைக்கு இது புதுமை இல்லை.

இரண்டாவது முறை சக்கரத்தை எண்ணுவது. தண்டவாளத்தின் பக்கத்தில் உள்ளங்கை அளவு உணரி பொருத்தி, உள்ளே போன அச்சு எத்தனை, வெளியே வந்தது எத்தனை என்று எண்ணும். 46 உள்ளே போய் 46 வெளியே வந்தால் மணி நிற்கும். எண்ணிக்கையில் ஒன்று பிசகினால் கோச்சி போன பிறகும் அடித்துக்கொண்டே இருக்கும், ஆள் வந்து மீட்டமைக்கும் வரை. மழைக் கசிவு இதைப் பாதிக்காது.

எந்த வகை என்று பார்க்கத் தண்டவாளத்தில் நடந்து போகாதீர்கள். அது சட்டப்படி குற்றம், அதைவிட முக்கியம் உயிர். கடவையில் நின்றே கேமராவின் ஸூமில் பார்க்கலாம். சாதாரண மூட்டில் அடுத்தடுத்த இரண்டு தண்டவாளத் துண்டையும் இணைத்து ஒரு வயர் வளைந்து போகும். மின்காப்பு மூட்டில் அந்த வயர் இருக்காது, இரும்புக்கு நடுவே மெல்லிய வேறு நிறத் தகடு தெரியும்.

நானுஓயா நண்பன் | 11.06.2024, காலை 7.22

ஒன்றைச் சேர்க்க வேண்டும். எது தவறினாலும் அடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. தண்டவாளத்தின் மேல் துருவோ, நசுங்கிய இலைப் பசையோ படிந்திருந்தால் சக்கரம் சரியாகத் தொடாது. அப்போது கோச்சி வந்தும் ரிலே விழாமல் இருக்கலாம். பாதை வேலைக்காரர் தள்ளிப் போகும் டிராலியின் சக்கரங்களை வேண்டுமென்றே மின்காப்புச் செய்திருப்பதும் உண்டு, சிக்னல்களைக் குழப்பக் கூடாது என்பதற்காக. அது வந்தால் மணி அடிக்காது.

கைகாட்டி | 11.06.2024, இரவு 9.15

சரியான திருத்தம். என் வரியை இப்படி மாற்றி வாசியுங்கள்: அநேகமாக எது தவறினாலும் அடிக்கும், ஆனால் அடிக்கவில்லை என்பதை மட்டும் வைத்துக் கோச்சி இல்லை என்று முடிவு செய்ய முடியாது.

தேயிலைக்காடு தம்பிக்குக் குறிப்புப் புத்தகம். கோடு போட்ட சாதாரண கொப்பியும் பென்சிலும் போதும், பேனா மழையில் கரையும். நேரத்தைத் தொலைபேசியில் பார்த்து விநாடியோடு எழுதுங்கள். ஒவ்வொரு தடவைக்கும் ஐந்து நேரங்கள்: மணி தொடங்கியது, எஞ்சின் கடவை நடுவில் வந்தது, கடைசி வண்டி தாண்டியது, மணி நின்றது, விளக்குகள் அணைந்தது. கூடவே திசை, மழை, மூடுபனி, இரண்டு விளக்கும் மாறி மாறி எரிந்தனவா, இரண்டு பக்கத்து மணியும் கேட்டதா.

திசையை மேலே, கீழே என்று எழுத வேண்டாம். கொழும்பு நோக்கி, பதுளை நோக்கி என்று எழுதுங்கள். காரணம் பெரியது, தனியாக எழுத வேண்டும்.

பிறகு மூன்று வகையாகப் பிரியுங்கள். நீள மணி: கடைசியில் கோச்சி வந்தது. வீண் மணி: வரவே இல்லை. ஊமை மணி: கோச்சி வந்தது, மணி அடிக்கவில்லை. முதலாவது பழுது இல்லை. இரண்டாவதைப் பத்துப் பதினைந்து பதிவு சேர்த்துக் கொடுக்கலாம். மூன்றாவதை ஒரே ஒரு தடவை கண்டாலும் அடுத்த நிமிடம் பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தெரியப்படுத்த வேண்டும். புத்தகம் நிரம்பும் வரை காத்திருக்கக் கூடாது.

தேயிலைக்காடு | 23.06.2024, மாலை 6.48

பத்து நாள்ல 9 தடவை குறிச்சேன். ஆறு தடவை பயணிகள் கோச்சி, மணி தொடங்கி எஞ்சின் வர 50லருந்து 70 விநாடி. ரெண்டு தடவை கூட்ஸ், ஒண்ணு 2 நிமிசம் 21 விநாடி, இன்னொண்ணு 2 நிமிசம் 34. ஒரே ஒரு தடவை ஒண்ணும் வரல: 17ஆம் தேதி பின்நேரம் 3.25, அடை மழை, 40 விநாடி அடிச்சு நின்னுடுச்சு. அண்ணே சொன்னது சரிதான், நான் பழுதுன்னு நினைச்சது கூட்ஸ் கோச்சியைத்தான். ஆனா ஒரு குழப்பம். ரெண்டு கூட்ஸும் பவுசர் (எண்ணெய்த் தாங்கி) கோச்சி, ஒண்ணு கொழும்புப் பக்கம் போச்சு, ஒண்ணு பதுளைப் பக்கம் போச்சு. ஏறும்போது மெதுவா வந்தா சரி, இறங்கும்போது ஏன் மெதுவா வருது?

கைகாட்டி | 23.06.2024, இரவு 10.02

நல்ல கேள்வி, அருமையான பதிவு. 17ஆம் தேதியை மட்டும் தனியாக வட்டமிட்டு வையுங்கள், அது மழைக் கசிவாக இருக்கலாம்.

முதலில் திசை. மலைப் பாதையில் பதுளைக்குப் போவது என்றாலே ஏற்றம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டன் வரை ஏற்றம். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் சிங்கமலைச் சுரங்கம். அதற்குப் பிறகு தலவாக்கலை வரை பாதை இறங்குகிறது. தலவாக்கலையிலிருந்து மறுபடி ஏறி நானுஓயா, அங்கிருந்து பட்டிப்பொல. பட்டிப்பொல நிலையம் 1,891 மீட்டரில் இருக்கிறது. அதைத் தாண்டிய உச்சிக்குப் பிறகு ஒஹிய, இதல்கஸ்ஹின்ன, ஹப்புத்தளை என்று பதுளை வரை பெரும்பாலும் இறக்கம்.

ஆகவே உங்கள் கடவையில் பதுளை நோக்கிப் போகிற கோச்சி இறங்குகிறது, கொழும்பு நோக்கிப் போகிறது ஏறுகிறது. என் முதல் குறிப்பை எழுதும்போது பாரத்தோடு ஏறுகிற கோச்சியைத்தான் மனதில் வைத்திருந்தேன். உங்கள் இடத்துக்கு அது பொருந்தாது. எண்ணெய் நிரப்பிய பவுசர் ஹப்புத்தளை, பதுளைக் களஞ்சியங்களுக்குப் போகும்போது உங்களிடம் இறங்குகிறது. வெறுமையாகத் திரும்பும்போது ஏறுகிறது.

இறங்கும்போது மெதுவாக வருவதற்குக் காரணம் பிரேக். நம் சரக்கு வண்டிகளில் வெற்றிடப் பிரேக். குழாயில் வெற்றிடம் இருந்தால் பிரேக் விடும், காற்று நுழைந்தால் பிடிக்கும். எஞ்சினில் காற்றை விட்டதும் கடைசி வண்டி வரை ஒரே கணத்தில் போய்ச் சேராது. விட்ட பிரேக்கை மறுபடி முழு பலத்தோடு பிடிக்க, முதலில் வெற்றிடம் திரும்ப உருவாக வேண்டும், அதற்கும் நேரம் வேண்டும். 44-க்கு 1 சரிவில், அதாவது 44 மீட்டர் போனால் 1 மீட்டர் இறங்கும் பாதையில், ஒவ்வொரு டன்னும் ஏறக்குறைய 23 கிலோ விசையோடு கீழே இழுக்கிறது. 400 டன் கோச்சி என்றால் 9 டன்னுக்கு மேல் இழுவை. கையை விட்டுப் போன வேகத்தை மீட்பது கடினம் என்பதால் டிரைவர் முதலிலிருந்தே வேகத்தைப் பிடித்து வைத்திருப்பார்.

சத்தத்தில் வித்தியாசம் தெரியும். ஏறுவது தூரத்திலேயே உறுமும். இறங்குவதில் எஞ்சின் முனகல்தான், பிரேக் கட்டை சக்கரத்தில் உரசும் சத்தமும் சூட்டு வாசனையும் வரும். வளைவில் கிறீச்சிடும். நடந்து போகிறவருக்கு அபாயம் கூடியது இறங்குகிற கோச்சி.

ஊவாப்பக்கம் | 24.06.2024, காலை 9.10

எங்க தெமோதரையில கிழக்கு, மேற்குன்னு எழுதினாக் கூட தப்பாப் போகும். கோச்சி ஸ்டேஷன்ல இருந்து புறப்பட்டு மலையைச் சுத்தி வந்து ஸ்டேஷனுக்குக் கீழே உள்ள சுரங்கத்துல நுழையுது. ஒரே கோச்சி, ஒரே பயணம், எல்லாத் திசையும் பார்த்துடும்.

கைகாட்டி | 24.06.2024, இரவு 8.33

அதனால்தான் கொழும்பு நோக்கி, பதுளை நோக்கி என்றேன். பயணிகள் கோச்சியின் இலக்கத்திலும் அது உண்டு. பொடி மெனிக்கே பதுளைக்குப் போகும்போது 1005, திரும்பும்போது 1006. ஒற்றை எண் கொழும்பிலிருந்து, இரட்டை எண் கொழும்புக்கு.

இப்போது ஊகிக்கிற வழி. இது ஒற்றைப் பாதை. இரண்டு நிலையங்களுக்கு நடுவில் ஒரு நேரத்தில் ஒரு கோச்சிதான். பதுளை நோக்கி ஒரு பயணிகள் கோச்சி உங்கள் கடவையைத் தாண்டினால், தலவாக்கலையில் அதற்காக ஒரு பவுசர் கோச்சி ஒதுங்கி நிற்கலாம். பயணிகள் கோச்சி அங்கே போய்ச் சேர்ந்து, பாதைக்கான அனுமதியாகிய டெப்லட்டை ஒப்படைத்து, பவுசருக்கு வேறு டெப்லட் எடுத்துக் கொடுத்த பிறகுதான் அது புறப்படும். ஆகவே உடனே வராது. ஆனால் கொஞ்ச நேரத்தில் வரலாம். பயணிகள் கோச்சி போய்விட்டது, இனி அடுத்தது சாயங்காலம்தான் என்று நினைத்து ஆடு மாடு ஓட்டுகிறவர்கள் ஏமாறுவது இந்த இடைவெளியில்தான். பயணிகள் கோச்சி தாண்டிய நேரத்தையும் அதற்குப் பிறகு வந்த கூட்ஸின் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு மாதத்தில் உங்கள் கடவைக்கென்று ஒரு வடிவம் தெரியும்.

தோட்டத்து மாஸ்டர் | 02.07.2024, இரவு 7.19

டெப்லட் என்றால் என்னவென்று பிள்ளைகள் கேட்கிறார்கள். வளையத்தை வீசிப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

நானுஓயா நண்பன் | 02.07.2024, இரவு 9.05

மாஸ்டர், வளையம் கைப்பிடிதான். அதில் தொங்கும் தோல் பைக்குள் வட்டத் தகடு ஒன்று இருக்கும், இரண்டு நிலையங்களின் பெயர் பொறித்தது. அது கையில் இருந்தால்தான் டிரைவர் அந்தத் துண்டுக்குள் போகலாம். இரண்டு நிலையத்திலும் ஒவ்வொரு இயந்திரம், இரண்டையும் கம்பி இணைக்கிறது. மணிக் குறியால் பேசி, மறுமுனை சம்மதித்தால்தான் இந்த முனையில் ஒரு தகடு வெளியே வரும். ஒன்று வெளியே வந்ததும் இரண்டு இயந்திரமும் பூட்டிக்கொள்ளும். அந்தத் தகடு இரண்டில் ஒன்றுக்குள் திரும்பப் போகும் வரை அடுத்தது வராது. பக்கத்துத் துண்டின் தகட்டை இதில் போட முடியாதபடி வெட்டு வேறாக இருக்கும். இங்கிலாந்தில் 1874-இல் தோர்ப் என்ற இடத்தில் ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. அதற்குப் பிறகு எட்வர்ட் டயர் 1878-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது.

பிள்ளைகளோடு பார்க்கப் போனால் மேடையின் நடுப்பகுதியில் நில்லுங்கள். வளையம் கைமாறுகிற இடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். வீசும் வளையம் முகத்தில் பட்டால் பலமாக அடிபடும்.

கைகாட்டி | 14.07.2024, மாலை 5.57

கைகாட்டியை, அதாவது கம்பத்தில் கை போல் நீண்டிருக்கும் ரயில் சிக்னலை, படம் எடுக்கிறவர்களுக்குச் சில வரிகள். பெயரை இதிலிருந்துதான் எடுத்தேன், எழுதாமல் விட முடியாது.

சிவப்புக் கை, அதில் வெள்ளைப் பட்டை இருந்தால் நீங்கள் டிரைவர் பக்கத்திலிருந்து பார்க்கிறீர்கள். வெள்ளைக் கை, கறுப்புப் பட்டை என்றால் அது முதுகு. டிரைவர் பார்வையில் கை கம்பத்தின் இடப்பக்கம் நீண்டிருக்கும். கிடையாக இருந்தால் நில், கீழே சாய்ந்தால் போ. மஞ்சள் கை, நுனியில் மீன் வால் போல் வெட்டு இருந்தால் அது முன்னறிவிப்பு: அடுத்த கை நில் என்று இருக்கலாம், வேகத்தைக் குறை.

கம்பத்தில் மண்ணெண்ணெய் விளக்கு இருந்தால் பச்சைக் கண்ணாடியை உற்றுப் பாருங்கள். பகலில் அது நீலம் கலந்து தெரியும். மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சள், நீலக் கண்ணாடி வழியாக வந்தால் இரவில் பச்சை. கண்ணாடி நிறம் மாறிப்போயிற்று என்று குறிப்பில் எழுத வேண்டாம், அது அப்படித்தான் செய்யப்பட்டது. விளக்கின் பின்பக்கம் சின்னத் துளை ஒன்று உண்டு. கை கிடையாக இருக்கும்போது நிலையத்தில் உள்ளவருக்கு அதில் வெள்ளைப் பொட்டு தெரியும், விளக்கு எரிகிறது என்று. கை சாய்ந்ததும் ஒரு தகடு வந்து அதை மறைக்கும். இரவில் முதுகுப் பக்கத்திலிருந்து பார்த்தே கையின் நிலையை அறியலாம்.

கை பாதியில் நிற்பதைக் கண்டால் நேரமும் வெயிலும் குறியுங்கள். நெம்புகோலிலிருந்து கைக்குப் போவது கம்பி. காலை குளிரில் 10 பாகையில் இருந்த கம்பி வெயிலில் 30 ஆனால், 400 மீட்டருக்கு ஏறக்குறைய 9.6 சென்டிமீட்டர் நீளும். நெம்புகோல் இழுக்கும் தூரத்தில் அவ்வளவும் தொய்வை எடுப்பதிலேயே போய்விடும், கை முழுதாகச் சாயாது. குளிரில் எதிர்மாறு, கை தானாகவே கொஞ்சம் தொங்கும். இதைச் சரிசெய்ய நெம்புகோல் பக்கத்தில் கம்பியை இறுக்கும் திருகு இருக்கிறது. காலையிலும் பகலிலும் அதைத் திருக ஒருவர் வேண்டும். பாதியில் நிற்கும் கையை டிரைவர் நில் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் விதி. கோச்சி காரணமில்லாமல் வெளியில் நிற்கிறது என்று நாம் நினைப்பதற்குப் பின்னால் சில நாள் இந்த 9 சென்டிமீட்டர் இருக்கும்.

தேயிலைக்காடு | 28.07.2024, இரவு 8.20

கூட்ஸ்ல எத்தனை பெட்டின்னு எண்ணவே முடியல அண்ணே. மூடுபனியில நாலாவது பெட்டி தெரியுறதுக்குள்ள முதலாவது மறைஞ்சிடுது.

கைகாட்டி | 28.07.2024, இரவு 9.44

கண்ணை விடுங்கள், காதால் எண்ணுங்கள். தொலைபேசியில் ஒலிப்பதிவை மணி தொடங்கியதும் போடுங்கள், மணி நின்று பத்து விநாடி கழித்து நிறுத்துங்கள். காற்றுச் சத்தம் வராமல் ஒலிவாங்கித் துளைக்கு மேல் ஒரு துண்டுப் பஞ்சு. கடவையின் பக்கத்தில் தண்டவாள மூட்டு ஒன்று இருந்தால், ஒவ்வொரு அச்சும் அதில் ஒரு தட்டு. வீட்டில் கணினியில் ஒடாசிட்டி என்ற ஒலிச் செயலியில் திறந்தால் ஒவ்வொரு தட்டும் ஊசி முனை போல் தெரியும்.

எம்6 வகை டீசல் எஞ்சினுக்கு 6 அச்சு. நான்கு அச்சுப் பவுசர் என்றால் இரண்டு தட்டு, சின்ன இடைவெளி, இரண்டு தட்டு. இரண்டு அச்சுப் பழைய வண்டி தட்டு, இடைவெளி, தட்டு என்று போகும். மொத்தத் தட்டில் எஞ்சினையும் கார்ட் வண்டியையும் கழித்து நான்கால் வகுத்தால் பவுசர் எண்ணிக்கை. கார்ட் வண்டிக்கு எத்தனை அச்சு என்று ஒரு தெளிந்த நாளில் கண்ணால் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஊகித்துக் கழிக்க வேண்டாம்.

நிரம்பிய பவுசர் அடங்கிய தட்டாகக் கேட்கும், வெறும் பவுசர் பீப்பாய் போல் அதிரும். இதையும் எழுதுங்கள். ஆனால் நிச்சயம் என்று எழுத வேண்டாம், கேட்டது இப்படி என்று எழுதுங்கள்.

எஞ்சின் வகையையும் காதால் பிரிக்கலாம், பழக வேண்டும். எம்2 1954-இலிருந்து கனடாவிலிருந்து வந்தது, 1,425 குதிரைவலு. சிலவற்றின் பக்கத்தில் ஆல்பர்ட்டா, ஒன்டாரியோ என்று கனடா மாகாணப் பெயர் இருக்கும். எம்6 1979-இல் ஜெர்மனியிலிருந்து, 1,650 குதிரைவலு. இரண்டிலும் 12 உருளை, இரண்டு வீச்சு டீசல், அதனால் உறுமல் அண்ணன் தம்பி போல் இருக்கும். பெயரும் எண்ணும் கண்ணால் கண்டால் மட்டும் எழுதுங்கள்.

கைகாட்டி | 29.07.2024, காலை 5.50

வேகத்துக்கு ஒரு குறுக்குவழி. நம் பாதை இன்னும் மைல் கணக்கில்தான். கால் மைல் குறி இரண்டு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் எஞ்சின் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக எடுக்கும் விநாடியைக் குறித்து, 900-ஐ அதனால் வகுத்தால் மணிக்கு எத்தனை மைல் என்று வரும். 60 விநாடி என்றால் 15 மைல், அதாவது 24 கி.மீ. வளைவு கூடிய இடத்தில் இரண்டு குறியும் ஒரே பார்வையில் வராது. அங்கே கோச்சிக்குள் உட்கார்ந்து எடுப்பதுதான் வழி, கதவில் தொங்காமல்.

தோட்டத்து மாஸ்டர் | 11.08.2024, காலை 10.15

மணியே இல்லாத கடவைதான் எங்களுக்கு அதிகம். பிள்ளைகள் கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் பாதையால் தண்டவாளத்தைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் வருகிறார்கள். அங்கே எதைக் குறிக்க வேண்டும்?

கைகாட்டி | 11.08.2024, பிற்பகல் 2.40

மாஸ்டர், அங்கே குறிக்க வேண்டியது தூரம். கோச்சி இல்லாத நேரத்திலும் செய்யலாம், தண்டவாளத்தில் கால் வைக்கவும் தேவையில்லை.

முதலில் தாண்டும் நேரம். தண்டவாளத்துக்கு 3 மீட்டர் முன்னாலிருந்து அந்தப் பக்கம் 3 மீட்டர் போகும் வரை ஏறக்குறைய 8 மீட்டர். பையோடு போகும் பிள்ளை, கொழுந்துச் சாக்கோடு போகும் அம்மா, விநாடிக்கு ஒரு மீட்டர் என்று வைத்தால் 8 விநாடி. 30 கி.மீ. வேகத்தில் கோச்சி 8 விநாடியில் 67 மீட்டர் வந்துவிடும். 40 கி.மீ. என்றால் 89 மீட்டர். அவ்வளவு தூரம் இரண்டு பக்கமும் தெரிய வேண்டும்.

தெரியுமா என்று பார்ப்போம். மலைப் பாதையின் கடும் வளைவு 5 செயின் ஆரம், ஏறக்குறைய 100 மீட்டர். வளைவின் உட்பக்கம் மண் கரை பாதையின் நடுவிலிருந்து 4 மீட்டரில் நின்றால், கண்ணுக்குத் தெரிவது 57 மீட்டர்தான். 30 கி.மீ. கோச்சிக்கு அது 7 விநாடிகூட இல்லை. நல்ல வெயிலிலும் ஒரு விநாடிக்கு மேல் குறைகிறது. மூடுபனியில் 30 மீட்டர் தெரிந்தால் மூன்றரை விநாடி.

இரண்டு பக்கமும் பார்த்துப் போ என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். இந்த மாதிரி இடத்தில் பார்த்தால் போதாது. நிற்க வேண்டும், குடையைத் தாழ்த்த வேண்டும், காதில் இருப்பதைக் கழற்ற வேண்டும், பேச்சை நிறுத்த வேண்டும், இருபது விநாடி கேட்க வேண்டும். பிறகு நிற்காமல் நேராகத் தாண்ட வேண்டும். ஆட்டோ என்றால் எஞ்சினை அணைத்துக் கேட்க வேண்டும்.

கடவையில் நின்று பார்த்தால் கடைசியாகத் தெரிகிற அடையாளத்தை, ஒரு சவுக்கு மரம், ஒரு மதகு, இரண்டு பக்கமும் குறியுங்கள். வரைபடத்தில் அந்தத் தூரத்தை அளங்கள். 89 மீட்டருக்குக் குறைந்தால் எழுதிக் கொடுக்கும் கடிதத்தில் அந்த எண்ணை முதல் வரியில் போடுங்கள். ஆபத்தான கடவை என்று மட்டும் எழுதினால் எல்லாக் கடிதமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பதுளைப் பக்கம் 57 மீட்டர்தான் தெரிகிறது, 89 வேண்டும் என்று எழுதினால் ஒருவர் வந்து அளந்து பார்க்க வேண்டியிருக்கும். கரையை வெட்டுவதா, புதரை அழிப்பதா, மணி போடுவதா என்பது அதற்குப் பிறகு.

தோட்டத்து மாஸ்டர் | 18.08.2024, இரவு 8.02

அளந்தோம். கொழும்புப் பக்கம் 110. பதுளைப் பக்கம் 48. அதில் 20 மீட்டராவது மானாப் புல்லால் மறைகிறது. புல்லை வெட்டிக் கொடுக்கத் தோட்டத்தில் கேட்டிருக்கிறோம், கடிதமும் எழுதியாகிவிட்டது.

கைகாட்டி | 18.08.2024, இரவு 9.11

புல் வெட்டினால் 68 ஆகும். 30 கி.மீ. கோச்சிக்குத் தட்டுத்தடுமாறிப் போதும், 40-க்குப் போதாது. கடிதத்தை நிறுத்த வேண்டாம் மாஸ்டர். புல் மூன்று மாதத்தில் திரும்ப வளரும், வெட்டிய தேதியையும் புத்தகத்தில் போடுங்கள்.

நானுஓயா நண்பன் | 01.09.2024, காலை 7.48

ஐந்து நேரக் குறிப்பில் ஒரு நிரலைக் கூட்ட வேண்டும்: வால் விளக்கு. கடைசி வண்டியின் பின்னால் அது இருந்தால்தான் கோச்சி முழுதாக வந்தது என்று நிலையத்தில் ஏற்பார்கள். இல்லாவிட்டால் நடுவில் எங்கோ வண்டி கழன்று நிற்கலாம். 44-க்கு 1 சரிவில் கழன்ற வண்டி என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. வெற்றிடக் குழாய் பிரிந்தால் பிரேக் தானாகப் பிடிக்கும்தான், ஆனாலும் நிலையத்தில் பார்ப்பது வால் விளக்கைத்தான். கடவையில் நிற்கிறவருக்கும் அதுதான் முடிவு. விளக்கைக் காணும் வரை கோச்சி போய்விட்டது என்று எழுத வேண்டாம்.

கைகாட்டி | 01.09.2024, பகல் 1.26

ஒப்புக்கொள்கிறேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது. தேயிலைக்காடு தம்பி, ஆறாவது நிரல்.

தேயிலைக்காடு | 22.09.2024, காலை 7.35

இன்னைக்கு விடிய எடுத்தது. அப்படியே கொப்பியில உள்ளபடி போடுறேன்.

திசை: கொழும்பு நோக்கி. மூடுபனி, ரோட்டு லைட் கம்பம் ரெண்டாவது தெரியல. மழை இல்லை.
மணி தொடங்கியது 6.18.32. ரெண்டு பக்கமும் கேட்டது. விளக்கு ரெண்டும் மாறி மாறி எரிஞ்சது.
எஞ்சின் 6.21.02. எம்6, எண் தெரியல.
தட்டு 46. எஞ்சின் 6, கார்ட் வண்டி 4, பவுசர் 9. வெறுமைன்னு கேட்டது.
கடைசி வண்டி 6.21.40. வால் விளக்கு எரிஞ்சது.
மணி நின்றது 6.21.44. விளக்கு அணைஞ்சது அதே நேரம்.
மணி அடிக்கும்போது தாண்டினவங்க: யாரும் இல்லை. எட்டுப் பேர் நின்னாங்க. பவுசர் வருதுன்னு நான் சொன்னேன், நின்னாங்க.